கேழ்வரகு மால்ட்: வீட்டு அடுப்படியிலேயே தயாரிக்கும் முறை

கிருஷ்ணகிரி, தருமபுரி போன்ற மாவட்டங்களில் மானாவாரியிலும் இறவையிலும் கேழ்வரகு பெருமளவில் பயிராகிறது. கேப்பை என்றும் ஆரியம் என்றும் வழங்கும் இத்தானியத்தின் சிறப்பை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும், 7 கிராம் புரதச்சத்தும், நாலரை மில்லிகிராம் அளவுக்கு இரும்புச்சத்தும் உள்ளன. தீட்டிய அரிசியில் சுண்ணாம்புச்சத்து 10 மில்லிகிராம் அளவுக்கே உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின்னர் நகரத்து மக்களும் கேழ்வரகைத் தேடி வாங்கத் தொடங்கினர்.

ஆனால் விளைவித்த உழவர் வீட்டிலேயே கேழ்வரகின் முழுப் பயனும் கிடைத்துவிடுவதில்லை. அதிலுள்ள சத்துகள் உடலில் சேர்வதற்கு ஒரு பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவமே முளைகட்டி, உலர்த்தி, மாவாக்குதல். இவ்வாறு பக்குவப்படுத்திய தானியத்தையே மால்ட் என்கிறோம். கடைகளில் அழகிய டப்பாக்களில் நல்ல விலைக்கு விற்கப்படும் இப்பொருளை, பெரிய இயந்திரம் எதுவுமின்றி, உங்கள் வீட்டு அடுப்படியிலுள்ள சாமான்களைக் கொண்டே தயாரித்துக்கொள்ளலாம். அதன் முறையையும், ஒவ்வொரு படியிலும் நடப்பது என்ன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம். காரணம் தெரிந்து செய்தால்தான் வேலை பிசகாமல் முடியும்.

தானியம் முளைக்கும்போது நடப்பது என்ன?

விதை என்பது உறங்கும் பயிர். அதன் கருவுக்கு வேண்டிய உணவு மாவுச்சத்தாகச் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. நீர் பட்டதும் கரு விழித்துக்கொள்கிறது. மாவுச்சத்தை அப்படியே உண்ண அதனால் இயலாது. எனவே அமைலேஸ் என்னும் நொதிப்பொருளை உண்டாக்கி, நீண்ட சங்கிலி போன்ற மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாகவும் சர்க்கரையாகவும் வெட்டிக்கொள்கிறது. முளைகட்டிய தானியம் இனிப்பது இதனால்தான்.

அதே வேளையில், இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பைட்டேட் என்னும் பொருளும் குறைகிறது. ஆகவே அச்சத்துகள் உடலில் எளிதாகச் சேர்கின்றன.

முளையை மேலும் வளரவிட்டால், சேமிப்பிலுள்ள மாவுச்சத்து முழுவதும் நாற்றுக்கே செலவாகிவிடும். நொதி பெருகியிருக்க வேண்டும். மாவு செலவாகியிருக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து முளைப்பை நிறுத்துவதே மால்ட் தயாரிப்பின் நுட்பம்.

குழந்தையின் வயிறும் கஞ்சியின் கெட்டித்தன்மையும்

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் இணை உணவும் கொடுக்கத் தொடங்க வேண்டும். எட்டு மாதக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி வரைதான் கொள்ளும். இங்குதான் சிக்கல் எழுகிறது.

சாதாரணக் கேழ்வரகு மாவைக் காய்ச்சினால், மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பிக் கூழாகிவிடும். 200 மில்லி நீருக்கு 20 கிராம் மாவு போட்டாலே கஞ்சி கெட்டியாகிறது. குழந்தை விழுங்காது என்று தாய்மார்கள் மேலும் நீர் ஊற்றுகிறார்கள். வயிறு நிறைகிறது, ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். 20 கிராம் மாவிலிருந்து சுமார் 64 கலோரி மட்டுமே கிடைக்கும். இப்படி நாள்தோறும் நீர்த்த கஞ்சியையே குடித்து வளரும் குழந்தை, வீட்டில் தானியம் நிறைந்திருந்தும் மெலிந்துபோகிறது.

இதே கஞ்சியில் சிறிதளவு மால்ட் மாவைச் சேர்த்தால், அதிலுள்ள அமைலேஸ் மாவுச்சத்துச் சங்கிலிகளை வெட்டிவிடும். கெட்டியான கஞ்சி சில நிமிடங்களில் இளகி ஓடும். எனவே அதே 200 மில்லியில் 40 கிராம் மாவு வரை சேர்த்துக் காய்ச்சலாம். குழந்தைக்குச் சுமார் 128 கலோரி, அதாவது இருமடங்கு சக்தி கிடைக்கிறது. செலவு கூடுவது 20 கிராம் மாவு மட்டுமே.

தேவையான சாமான்கள்

இரண்டு வாய் அகன்ற பாத்திரங்கள், சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணி, முறம், சல்லடை, பாய் அல்லது தட்டு, அடி கனத்த இரும்புச் சட்டி, மாவு வைக்க மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா ஆகியவை போதும். துணியைக் கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்துக்கொள்ளவும். முதல் முறை ஒரு கிலோவுக்கு மேல் எடுக்க வேண்டாம்.

தானியத்தைத் தேர்ந்தெடுத்தல்

மால்ட்டின் தரம் களத்திலேயே முடிவாகிவிடுகிறது. கதிர் முற்றி, மழையில் நனையாமல், நன்கு காய்ந்த தானியத்தையே எடுக்க வேண்டும். களத்தில் மழையில் நனைந்த தானியம் ஒருமுறை முளைவிடத் தொடங்கி மடிந்திருக்கும். அது மறுபடி முளைக்காது. குலைநோய் தாக்கிய கதிரின் சுருங்கிய மணிகளும் ஆகா. முறத்தில் புடைத்துப் பதரை நீக்கிவிடவும். பழைய தானியத்தையும் புதியதையும், வேறு வேறு இரகங்களையும் கலக்க வேண்டாம். அவை ஒரே வேகத்தில் முளைக்கா.

எக்காரணம் கொண்டும், விதைப்பதற்காக மருந்து கலந்து வைத்த விதையைப் பயன்படுத்தக் கூடாது. பூசணக்கொல்லி கலந்த விதை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு ஆகாது. விதைக்கடையில் வாங்கிய பொட்டலத்தில் மிஞ்சியதைச் சமையலுக்கு எடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

முளைப்புத்திறனைச் சோதித்துப் பார்ப்பது எளிது. நூறு மணிகளை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்து, மூன்றாம் நாள் முளைத்தவற்றை எண்ணவும். விதைச் சான்றளிப்பில் கேழ்வரகுக்கு 75 சதவீத முளைப்புத்திறன் இருந்தால் போதும். ஆனால் மால்ட்டுக்கு 90 சதவீதமாவது இருப்பது நல்லது. வயலில் முளைக்காத விதை மண்ணோடு மண்ணாகிவிடும். துணியில் முளைக்காத மணியோ ஈரத்தில் கிடந்து அழுகி, பக்கத்து மணிகளுக்கும் பூஞ்சணத்தைப் பரப்பும்.

ஊறவைத்தல்

தானியத்தை மூன்று நான்கு முறை கழுவி, கல்லும் மண்ணும் போக அரித்தெடுக்கவும். மிதப்பவற்றை நீக்கவும். பிறகு தானியத்தைப் போல மூன்று பங்கு நல்ல நீரில் 12 மணி நேரம் ஊறவைக்கவும். இடையில் ஒருமுறையேனும் நீரை மாற்றவும்; கோடையில் இருமுறை மாற்றவும்.

நீரை ஏன் மாற்ற வேண்டும்? ஊறும் விதை மூச்சுவிடுகிறது. நீரிலுள்ள காற்று தீர்ந்துவிட்டால் கரு மூச்சுத்திணறி மடியும். தேங்கிய நீரில் நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பு வாடையும் வரும். தண்ணீர் தேங்கிய நாற்றங்காலில் விதை அழுகுவதைக் கண்டிருப்பீர்கள். அதேதான் இங்கும் நடக்கிறது.

முளைகட்டுதல்

ஊறிய தானியத்தை நன்கு வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் வைக்கவும். இறுக்கமாகக் கட்டினால் நடுவில் சூடேறும். வைக்கோற்போரின் உள்ளே கைவிட்டால் தெரியும் வெப்பத்தைப் போன்றதே இது. எனவே காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மூட்டையை அவிழ்த்துக் கிளறி, தேவையானால் நீர் தெளித்து மீண்டும் மூடவும். நீர் சொட்டும்படி நனைக்க வேண்டாம். ஈரம் காயாமல் இருந்தால் போதும்.

சாதாரண நாட்களில் 48 மணி நேரத்தில் பக்குவம் வந்துவிடும். மார்கழி, தைக் குளிரில் மூன்று நாட்கள் ஆகலாம். முளை அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பச்சை இலை தலைகாட்டினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

நேரக்கணக்கை இப்படி வைத்துக்கொண்டால் வசதியாக இருக்கும்:

முதல் நாள் மாலை 6 மணி: கழுவி ஊறவைத்தல்.
அன்று இரவு படுக்கும் முன்: நீர் மாற்றுதல்.
இரண்டாம் நாள் காலை 6 மணி: வடித்து மூட்டை கட்டுதல்.
இரண்டாம், மூன்றாம் நாட்கள்: மூன்று வேளையும் கிளறிவிடுதல்.
நான்காம் நாள் காலை: மூட்டையை அவிழ்த்து வெயிலில் பரப்புதல்.

மூட்டை காலையில் அவிழ்க்கப்பட வேண்டும் என்பதே இதில் முக்கியம். மாலையில் அவிழ்த்தால் ஓர் இரவு முழுவதும் ஈரத்தோடு கிடக்கும்.

உலர்த்துதல்

முளைத்த தானியத்தைச் சுத்தமான துணியில் மெல்லிய அடுக்காகப் பரப்பவும். மேலே மெல்லிய துணி ஒன்றை விரித்துவிட்டால் ஈயும் தூசியும் அண்டா. மணிக்கொரு முறை கிளறவும். இரவில் உள்ளே எடுத்து, குவிக்காமல் பரப்பியே வைக்கவும். நல்ல வெயிலில் இரண்டு நாட்களில் காய்ந்துவிடும்.

இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். மணியைப் பல்லில் வைத்தால் நறுக்கென்று உடைய வேண்டும். உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்தால் வேரும் முளையும் உதிர வேண்டும். முளை வளைந்து கொடுத்தால் ஈரம் இன்னும் உள்ளது.

காய்ந்ததும் துணியில் போட்டுத் தேய்த்து, முறத்தில் புடைத்து, வேரையும் முளையையும் நீக்கிவிடவும். அவை கசக்கும். முளை நீங்குவதாலும், விதை மூச்சுவிட்டதாலும் எடையில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகக் குறைவது இயல்பு.

வானம் மூட்டமாக இருக்கும் நாட்களில் இவ்வேலையைத் தொடங்கவே வேண்டாம். தொடங்கிய பின் மழை பிடித்துக்கொண்டால், நல்ல மணத்தோடு இருக்கும் முளைத்தானியத்தை அன்றே அரைத்துக் கூழாகவோ தோசையாகவோ நன்கு வேகவைத்து வீட்டில் பயன்படுத்திவிடவும். மால்ட் போனாலும் தானியம் வீணாகாது.

இரு வகை மால்ட்

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் மையம். பலர் தயாரிக்கும் மால்ட்டில் கஞ்சி இளகாததற்குக் காரணம் இதை அறியாமையே.

நொதி என்பது உயிர்ப்பொருள். சூடு மிகுந்தால் அழிந்துவிடும். 60 முதல் 70 டிகிரி சென்டிகிரேடு வரை அமைலேஸ் சுறுசுறுப்பாக வேலை செய்யும். 80 டிகிரியைத் தாண்டினால் விரைவில் செயலிழக்கும். வாசனைக்காகச் சட்டியில் சிவக்க வறுத்த மால்ட்டில் மணமும் நிறமும் உண்டு; நொதி இராது. வெயிலில் மட்டும் உலர்த்திய மால்ட்டில் நொதி உண்டு, மணம் குறைவு.

பார்லியிலிருந்து பீர் தயாரிக்கும் மேலைநாடுகளில் இந்தப் பாகுபாடு நெடுங்காலமாக அறியப்பட்டது. பிரிட்டனில் 1963-ஆம் ஆண்டு வீட்டுத் தயாரிப்புக்கான உரிமக் கட்டணம் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் பீர் தயாரிக்க வழிவகுத்தது. பெரிய கொப்பரை இல்லாத வீட்டார் கடையில் மால்ட் பாகை வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கு மணமும் நிறமும் சேர்க்க, தனியாக வறுத்த மால்ட்டில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து, 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து எடுத்துவிடுகிறார்கள். தானியத்தைக் கொதிக்கவிடுவதில்லை, கொதித்தால் உமியின் துவர்ப்பு இறங்கும். கருக வறுத்த மால்ட் மணத்துக்கும் நிறத்துக்கும் மட்டுமே உதவும், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க வெளிர்நிற மால்ட்தான் வேண்டும் என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள்.

வீட்டில் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மால்ட்டின் பாகுபாட்டை மட்டுமே. மால்ட்டில் சாராயச்சத்து எதுவும் இல்லை. அது முளைகட்டி உலர்த்திய தானியமே.

ஆகவே காய்ந்த மால்ட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளவும்.

முதல் பங்கு, வெயில் மால்ட். ஐந்தில் ஒரு பங்கு போதும். இதை வறுக்கவே கூடாது. அப்படியே அரைத்துச் சலித்து, தனி டப்பாவில், அடையாளம் எழுதி வைக்கவும். கஞ்சியை இளக்குவது இதன் வேலை.

இரண்டாம் பங்கு, வறுத்த மால்ட். மீதி ஐந்தில் நான்கு பங்கு. இரும்புச் சட்டியில் சிறு தீயில், ஒவ்வொரு முறையும் இரண்டு கைப்பிடி அளவே போட்டு, கை ஓயாமல் கிளறி, நல்ல மணம் எழும் வரை வறுக்கவும். மணி வெடிக்கத் தொடங்குமுன் இறக்கி, உடனே தட்டில் கொட்டி ஆறவிடவும். சட்டியிலேயே விட்டால் அதன் சூட்டில் கருகிக் கசக்கும். ஆறிய பின்னரே அரைக்க வேண்டும். மாவின் உடலும் மணமும் இதுதான்.

இரண்டையும் கலந்து ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம். கஞ்சி காய்ச்சும்போது இவை வேறு வேறு நேரத்தில் சேர்க்கப்பட வேண்டியவை.

பிற தானியங்களைச் சேர்த்தல்

கேழ்வரகின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறுகளில் அது மிகுதி. பயறுகளில் குறைவாக உள்ள மெத்தியோனின் கேழ்வரகில் போதிய அளவு உள்ளது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது.

பாசிப்பயறு: இதுவே சிறந்த துணை. 8 மணி நேரம் ஊறவைத்து, 24 மணி நேரம் முளைகட்டி, உலர்த்தி, வாசனை வரும் வரை நன்கு வறுத்துத் தோலைப் புடைத்து நீக்கவும். வறுத்த கேழ்வரகு மால்ட் 7 பங்குக்குப் பயறு 3 பங்கு சேர்க்கலாம். பயறு சரிவர வறுபடாவிட்டால் செரிமானம் கெடும்.

பொட்டுக்கடலை: முளைகட்ட நேரமில்லாதவர்கள் பயறுக்குப் பதிலாக இதைச் சேர்க்கலாம். ஏற்கெனவே வறுபட்டதாகையால் வேலை மிச்சம்.

கம்பு: சத்துள்ளது; சுவையும் கூட்டும். ஆனால் இதில் கொழுப்புச் சற்று அதிகம். அரைத்த மாவு விரைவில் சிக்குவாடை அடித்துக் கசக்கும். எனவே கம்பு சேர்த்த மாவைச் சிறு அளவில் அரைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடவும்.

நிலக்கடலை: வறுத்துச் சிறிதளவு சேர்க்கலாம். சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சணம் பிடித்த பருப்புகளைப் பொறுக்கி எறிவது கட்டாயம். நிலக்கடலை சேர்த்த மாவையும் நெடுநாள் வைக்கக் கூடாது.

சோளத்தில் எச்சரிக்கை

இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு வயிறு உப்பி மூச்சுத்திணறி வீழ்வதை நம் உழவர்கள் அறிவார்கள். இளம் பயிரில் உள்ள துர்ரின் என்னும் பொருளிலிருந்து சயனைடு நஞ்சு வெளிப்படுவதே அதற்குக் காரணம். காய்ந்த சோள மணியில் இத்தொல்லை இல்லை. ஆனால் சோளத்தை முளைகட்டினால், அந்த முளையிலும் வேரிலும் இதே நஞ்சு உண்டாகிறது. எனவே குழந்தைகளுக்கான மாவில் முளைகட்டிய சோளத்தைச் சேர்க்க வேண்டாம். சோளத்தை வழக்கம்போல முளைகட்டாமல் சோறாகவோ களியாகவோ உண்பதில் தடையில்லை.

கஞ்சி காய்ச்சும் முறை

ஒரு வேளைக்கு வறுத்த மால்ட்டும் பயறும் சேர்ந்த மாவு 40 கிராம், வெயில் மால்ட் ஒரு தேக்கரண்டி, நீர் ஒரு டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளவும். குழந்தை பழகும் வரை மாவைக் குறைத்துத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டவும்.

1. மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து அடுப்பிலேற்றி, கிளறிக்கொண்டே கொதிக்கவிடவும். கஞ்சி நன்கு வெந்து கெட்டியாக வேண்டும். மாவுச்சத்து வெந்து உப்பினால்தான் நொதியால் அதை எளிதில் வெட்ட முடியும்.

2. அடுப்பிலிருந்து இறக்கிக் கிளறி ஆறவிடவும். சூடு 65 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும்.

3. வெயில் மால்ட்டைச் சிறிது குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கலக்கி, மூடி வைக்கவும். ஐந்து முதல் பத்து நிமிடங்களில் கஞ்சி இளகிப் பாயசம்போல ஓடும்.

4. மீண்டும் அடுப்பிலேற்றி, இரண்டு மூன்று நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு இறக்கவும்.

நான்காம் படியைத் தவறவிடக் கூடாது. வெயில் மால்ட் நெருப்பைக் காணாத மாவு. ஈரத்தில் முளைத்தபோது பெருகிய கிருமிகள் அதில் தங்கியிருக்கக் கூடும். கொதிக்காமல் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரலாம். கொதித்த பின் நொதி அழிந்துவிடுமே என்று கேட்கலாம். அழியட்டும், அதன் வேலை முடிந்துவிட்டது. வெட்டுண்ட மாவுச்சத்து மறுபடி ஒட்டிக்கொள்வதில்லை.

வெப்பமானி இல்லாமல் 65 டிகிரியை எப்படி அறிவது? தளதளவென்று கொதிக்கும் நீர் 100 டிகிரி. நம் ஊரில் குடத்து நீர் ஏறக்குறைய 30 டிகிரி. இரண்டையும் ஒரு டம்ளருக்கு ஒரு டம்ளர் என்று சம அளவில் கலந்தால் 65 டிகிரி ஆகிவிடும். இதைக் கஞ்சி காய்ச்சும் பாத்திரத்திலேயே கலந்து, வெளிப்புறத்தை விரல் நுனியால் ஒரு கணம் தொட்டுச் சூட்டைப் பழகிக்கொள்ளவும். பிறகு கஞ்சிப் பாத்திரம் அதே சூட்டுக்கு வரும்போது மால்ட்டைச் சேர்க்கவும். இரண்டு மூன்று நாட்களில் கை பழகிவிடும்.

மால்ட் சேர்த்தும் கஞ்சி இளகவில்லையென்றால், ஒன்று கஞ்சி மிகச் சூடாக இருந்திருக்கும். அல்லது வெயில் மால்ட் சரியாக முளைக்காத தானியத்தில் செய்யப்பட்டிருக்கும். அந்தக் கஞ்சியால் தீங்கில்லை. கொதிக்கவைத்த நீர் சேர்த்து, மீண்டும் கொதிக்கவிட்டுக் கொடுக்கலாம். மறுநாள் இன்னும் சற்று ஆறிய பின் சேர்த்துப் பார்க்கவும்.

காய்ச்சிய கஞ்சியை அவ்வப்போதே கொடுத்துவிட வேண்டும். காலையில் காய்ச்சியதை மாலைக்கு வைக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்திவிட்டுக் கஞ்சி கொடுப்பதும் தவறு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கஞ்சியில் தேன் கலக்கக் கூடாது. குழந்தை எடை கூடாமல் இருந்தாலோ, அடிக்கடி வயிற்றுப்போக்கு இருந்தாலோ, அங்கன்வாடி ஊழியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுவதே முறை.

பூஞ்சணம்: விட்டுக்கொடுக்கக் கூடாத விதி

விதை முளைக்க வேண்டிய ஈரமும் வெப்பமும் பூஞ்சணத்துக்கும் உகந்தவையே. சில பூஞ்சணங்கள் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. அது ஈரலைத் தாக்கும். வறுப்பதாலும் கொதிக்கவைப்பதாலும் இந்நஞ்சு முற்றிலும் அழிவதில்லை.

முளைகட்டும்போது பச்சை, கறுப்பு அல்லது வெள்ளை நிறத்தில் நூலாம்படை போலப் படர்ந்தாலோ, மக்கிய வாடை அடித்தாலோ மூட்டை முழுவதையும் எருக்குழியில் போட்டுவிடவும். நல்லதைப் பொறுக்கி எடுக்க முயல வேண்டாம். முளையின் வேரில் உள்ள மெல்லிய வேர்த்தூவிகள் வெண்மையாகத் தெரியும். அவற்றைப் பூஞ்சணம் என்று எண்ணி அஞ்ச வேண்டாம். தூவி வேரைச் சுற்றி மட்டும் இருக்கும். நீர் தெளித்தால் வேரோடு படிந்துவிடும். பூஞ்சணம் மணிக்கு மணி தாவிப் பின்னியிருக்கும், வாடையும் அடிக்கும். ஐயம் தீரவில்லையென்றால் கொட்டிவிடுவதே மேல்.

கெட்டதை மாட்டுக்கும் கோழிக்கும் போடுவதும் ஆபத்து. கறவை மாடு தின்றால் நஞ்சு பாலில் இறங்கும். அந்தப் பால் மீண்டும் குழந்தைக்கே வந்து சேரும். ஒரு கிலோ கேழ்வரகின் விலைக்காகத் துணிய வேண்டிய விஷயம் அல்ல இது.

சேமிப்பு

மாவை முற்றிலும் ஆறிய பின் டப்பாவில் அடைக்கவும். சூட்டோடு அடைத்தால் மூடியில் வியர்த்து ஈரமாகும். ஈரக் கரண்டி படக் கூடாது. கேழ்வரகு மட்டும் உள்ள மாவு ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். அதற்கு மேல் தேவையென்றால், உலர்ந்த மால்ட்டை மணியாகவே வைத்திருந்து அவ்வப்போது அரைத்துக்கொள்வது நல்லது. மணியாக இருக்கும்வரை காற்றுபட்டுக் கெடுவது குறைவு.

விற்பனைக்குத் தயாரிப்போர் கவனத்துக்கு

மகளிர் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து தயாரித்து விற்க விரும்புவோர், முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற வேண்டும். பொட்டலத்தின் மீது தயாரித்த நாள், சேர்மானப் பொருட்கள், எடை முதலியவற்றை அச்சிட வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உணவு என்று விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தமும் தடைசெய்கின்றன. எனவே பொதுவான சத்துமாவு என்றே விற்பனை செய்யவும்.

விலை நிர்ணயிக்கும்போது தானியத்தின் விலை, முளைகட்டுவதில் குறையும் எடை, விறகு, அரைவைக் கூலி, பை ஆகியவற்றோடு உங்கள் உழைப்புக்கான கூலியையும் சேர்த்துக் கணக்கிடவும். உழைப்பைக் கணக்கில் எடுக்காத குழு நெடுநாள் நிலைப்பதில்லை.

உழவர் பெருமக்களே! அடுத்த அறுவடையில் நன்கு முற்றிய கதிர்களிலிருந்து நாலைந்து கிலோ கேழ்வரகைத் தனியே அடித்து, காயவைத்து, வேப்பிலை இட்டு எடுத்து வையுங்கள். மருந்து கலக்காத தானியம் என்று பானையின் மேல் எழுதி வைப்பது இன்னும் நல்லது. வெயில் தெளிந்த ஒரு வாரத்தில் முதலில் ஒரு கிலோவைக் கொண்டு தொடங்கலாம். கைப்பக்குவம் வந்த பின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.